நாகரிகம்: நகரமா, நஞ்சா?

தருமபுரி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு தையல் கடையில், 'நாகரீக உடைகள் தைத்துத் தரப்படும்' என்று பலகை. நாகரிகம் என்று குறிலில் எழுதுவதே சரி. பேச்சில் நீண்டு, பலகையிலும் நீண்டுவிட்டது. கடைக்காரர் சொல்ல வருவது புது மோஸ்தர், அவ்வளவுதான்.

சொல்லின் வேர் நகரம். வடமொழியில் 'நாகரிக' என்றால் நகரத்துக்குரியது, நகரத்தான். 'நகர்' தமிழ்ச்சொல்லே என்பார் மொழியறிஞர் தேவநேயப் பாவாணர். எது சரியானாலும் பட்டிக்காட்டானுக்கு அதில் இடமில்லை!

வள்ளுவர் இந்தச் சொல்லை எடுத்தாளும் இடமே வேறு. கண்ணோட்டம் (பழகியவர்மேல் இரக்கம்) அதிகாரத்தின் கடைசிக் குறள், 580:

பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க
நாகரிகம் வேண்டு பவர்.

பழகியவர் நஞ்சை ஊற்றுவது கண்ணெதிரே தெரிந்தும், நாகரிகம் வேண்டுபவர் அதைக் குடித்துவிட்டு அவரோடு மேலும் பழகுவாராம். நற்றிணை 355-ஆம் பாட்டும், நண்பர் கொடுத்தால் 'நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்' என்கிறது. உடையும் இல்லை, ஊரும் இல்லை. முகம் முறியாத மனசுதான் நாகரிகம்.

எங்கள் தருமபுரிதான் அதியமான் ஆண்ட பழைய தகடூர். நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குத் தந்த அதியமானை, நஞ்சுண்ட நீலகண்டனைப் போல நிலைத்திரு என்று அவர் வாழ்த்தியது (புறநானூறு 91) இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

சரி, நாகரிகம் வடசொல் என்றால், தனித்தமிழில் என்ன சொல்வது? குறளின் பொருளுக்குக் கண்ணோட்டம்தான் பொருத்தம். ஆனால் அது இன்று 'பார்வைக் கோணம்' ஆகிவிட்டது. பண்பாடு என்றால் கலை, வழக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒருவர் நடத்தையை மட்டும் சொல்ல 'பண்பு' போதும். 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்ற கலித்தொகை அடி அதற்குப் பக்கபலம். ஊரில் 'மட்டு மரியாதை' என்பார்கள். நாகரிகத்தை நான் விடமாட்டேன், குறளிலேயே இருக்கிறதே.

பென்னாகரத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போன பெரியப்பாவுக்கு, கைத்தவறுதலாய் உப்புப் போட்ட டீ வந்தது. முதல் வாயிலேயே தெரிந்திருக்கும். கடைசிச் சொட்டு வரை குடித்து, "நல்லாருக்குதும்மா" என்று டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் பேருந்து ஏறும்முன் இரண்டு சோடா குடித்தார்.