மகன் ராணுவத்தில் இருக்கிறான், அதனால் ஊருக்குப் போய் வரலாம் என்று நினைப்பவர்களுக்கு

கேட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று நான் சொல்லும்போது, ஆள் ஏற்கெனவே கொழும்பில் இறங்கியிருப்பார். போன மாதமும் அதே கதை. 20 வருடத்துக்கு மேல் முன்னால் மெக்சிகோ எல்லை வழியாக அமெரிக்காவுக்குள் வந்த ஓர் அப்பா. மகன் இங்கேயே பிறந்தவன், 21 வயது தாண்டியவன், அமெரிக்க ராணுவத்தில் வேலை. "பையன் ஸ்பான்சர் பண்ணட்டும், நீங்கள் ஊருக்குப் போய் முறையாக விசா எடுத்து வாருங்கள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் கிளம்பிவிட்டார்.

முறையாகவாம்! அனுமதியில்லாமல் ஒரு வருடமோ அதற்கு மேலோ இங்கே இருந்தவர் நாட்டை விட்டு வெளியேறினால், 10 வருடத்துக்குத் திரும்பி வர முடியாது. 180 நாளைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் இருந்தவருக்கு 3 வருடம். இங்கேயே இருக்கும்வரை இந்தத் தடை யாரையும் தொடாது. வெளியே போனால்தான் விழும்.

"மகன் ராணுவ வீரன், விலக்கு கேட்டால் தர மாட்டார்களா?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அந்த விலக்கைக் கேட்க, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, தாய், தந்தை இவர்களில் ஒருவர் உங்களுக்கு இருக்க வேண்டும். நீங்கள் வராததால் அவர் மிகவும் கஷ்டப்படுவார் என்று காட்ட வேண்டும். பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளை சீருடை போட்டாலும் இல்லை, நெஞ்சு நிறைய பதக்கம் குத்தியிருந்தாலும் இல்லை.

இங்கேயே இருந்திருந்தால் அவருக்கு ஒரு வழி இருந்தது. 'பரோல் இன் பிளேஸ்' என்பார்கள்; சிறைப் பரோல் இல்லை, நாட்டை விட்டு வெளியேறாமலே இங்கே தற்காலிகமாக இருக்கத் தரும் அனுமதி. எல்லையில் அதிகாரிகளின் பரிசோதனை இல்லாமல் நுழைந்தவர், ராணுவத்தில் இருப்பவரின் அல்லது இருந்தவரின் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை என்றால் இதைக் கேட்கலாம். 2013இல் குடியேற்றத் துறை இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டத்திலும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதை ஆதரித்து எழுதியது. ஒரு தடவைக்கு ஒரு வருடம் என்று தருவார்கள். இது கிரீன் கார்டு இல்லை; கிடைத்தபின் இங்கிருந்தே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வழி திறக்கும், அவ்வளவுதான். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில்.

அப்புறம், விமானத்தில் விசாவோடு வந்து நாள் தாண்டித் தங்கிவிட்டவர்கள். நம் ஆட்களில் இவர்கள்தான் அதிகம். உங்களுக்கு இந்தப் பரோல் கிடைக்காது, பெரும்பாலும் தேவையும் இல்லை. குடியுரிமை உள்ள மகனுக்கு 21 முடிந்திருந்தால், பரிசோதனைக்குப் பின் முறையாக அனுமதிக்கப்பட்ட அம்மா இங்கிருந்தே நேரடியாகக் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்கியது பொதுவாக அதற்குக் குறுக்கே நிற்காது. இவர்களிடமும் "மிலிட்டரி பரோல் பேக்கேஜ்" என்று காசு பிடுங்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

கிரீன் கார்டோடு ராணுவத்தில் சேர்ந்த தம்பி, தங்கைகளே, முதலில் உங்கள் குடியுரிமைக்கு எழுதிப் போடுங்கள். இப்போது சேவையில் இருப்பவர் மற்றவர்கள்போல் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் குடிமகனானால்தான் உங்கள் மனைவியின் வழக்கும் லேசாகும். (2008இல் தொடங்கிய மாவ்னி திட்டம் ஞாபகம் இருக்கிறதா? தனக்குத் தேவையான மொழியோ திறமையோ உள்ள வெளிநாட்டவரை ராணுவம் சேர்த்துக்கொண்ட திட்டம். அவர்கள் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. கிரீன் கார்டே இல்லாமல் அதில் சேர்ந்து குடிமக்களானவர்கள் உண்டு. 2016இல் நிறுத்திவிட்டார்கள்.)

பழைய நாடுகடத்தல் உத்தரவு இருக்கிறதா? ஒரு தடவை வெளியே போய்த் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தீர்களா? வேலைக்குச் சேரும்போது படிவத்தில் "அமெரிக்கக் குடிமகன்" என்று டிக் போட்டீர்களா? இவற்றை வக்கீலிடம் மறைக்காதீர்கள். பரோல் இவற்றை அழித்துவிடாது, விண்ணப்பம் போடுவதே சில சமயம் ஆபத்தாகிவிடும். அரசிடம் உங்கள் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் நான் பேனாவையே எடுப்பேன்.

ராணுவக் குடும்பம் என்றால் தொட மாட்டார்கள் என்பதையும் நம்பாதீர்கள்.

காசில்லை என்றால், மகனை அவன் தளத்தில் உள்ள சட்ட உதவி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். அங்கே கட்டணம் கிடையாது. குடியேற்ற வழக்கு அவர்கள் எடுக்காவிட்டாலும் எங்கே போவது என்று சொல்வார்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் டிக்கெட் போடாதீர்கள், ஊரில் சாவு விழுந்தாலும்கூட.