பலகாரம் சுடும் எண்ணெய்: சலசலப்பு அடங்கியபின் என்ன நடக்கிறது?

முறுக்கு எண்ணெயில் வெந்துகொண்டிருக்கும்போது கடாய் தீப்பிடிப்பது அரிது. மாவு பிழிவதற்கு முன் எண்ணெய் காயும் நேரம், ஓர் ஈட்டை எடுத்து அடுத்த ஈட்டைப் போடுவதற்குள் வரும் இடைவெளி, கடைசி ஈட்டை எடுத்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்த நேரம் ஆகிய மூன்றிலும்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆளில்லாமல் அடுப்பில் விடப்பட்ட சமையல், வீட்டுத் தீச்சம்பவங்களின் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து எச்சரித்து வருகிறது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நம் வீட்டுச் சமையலறைகளில் கடாய் மணிக்கணக்கில் அடுப்பில் இருக்கும். அதனால் இந்த எச்சரிக்கை நமக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

காரணம் மாவில் உள்ள தண்ணீர். பிழிந்த மாவு எண்ணெயில் விழுந்ததும் சலசலவென்று குமிழி கிளம்புகிறதே, அது எண்ணெய் கொதிப்பதல்ல; மாவின் ஈரம் ஆவியாகி வெளியேறுவது. தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் வேண்டும், அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க. அடுப்பு தரும் சூட்டின் பெரும்பகுதியை இந்த ஆவி இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் பலகாரம் உள்ளே இருக்கும்வரை எண்ணெயின் சூடு 170, 180 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஈரம் தீர்ந்ததும் சலசலப்பு அடங்கும். முறுக்கு வெந்துவிட்டது என்று நாம் கண்டுகொள்வதும் அப்போதுதான். எண்ணெயின் சூட்டைப் பிடித்து வைத்திருந்த கடிவாளம் அறுந்துபோவதும் அதே நொடியில்தான். பலகாரத்தை அரித்தெடுத்துவிட்டால், அடுப்பின் முழுச் சூடும் எண்ணெய்க்கே போகிறது.

எவ்வளவு வேகமாக ஏறும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கிலோ இரும்புக் கடாய், அதில் ஒரு லிட்டர் எண்ணெய், பெரிய எரிமுனை முழுத் தீயில். அந்தத் தீயில் பாதிக்கும் குறைவாகவே கடாய்க்குள் இறங்கும். ஒன்றரைக் கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 180 டிகிரியிலிருந்து 230 டிகிரிக்கு, அதாவது சுத்திகரித்த எண்ணெய்கள் பல புகையத் தொடங்கும் நிலைக்கு வர, ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் போதும். எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும் 360 டிகிரிச் சுற்றுவட்டத்தைத் தொட, ஆறிலிருந்து பத்து நிமிடம். எண்ணெய் அரை லிட்டர்தான் என்றால் இன்னும் விரைவாக. வாசலில் வந்தவரிடம் பேசிவிட்டு வரவும், பொட்டலத்தை வாங்கி வைக்கவும், ஒரு தொலைபேசி அழைப்பை முடிக்கவும் ஆகிற நேரம் இது. தீப்பிடிக்கத் தனியாக நெருப்புப் படவேண்டும் என்பதுகூட இல்லை. மின்சார அடுப்பில் வைத்த எண்ணெயும் இப்படியே பற்றும்.

எண்ணெய், தண்ணீரைப்போல் கொதித்து நம்மை எச்சரிக்காது. கொதிப்பதற்கு முன்பே சிதைந்து புகையும், பிறகு பற்றும். சத்தமே இருக்காது. அதனால் எண்ணெய் அமைதியாக இருக்கிற நேரத்தில்தான் கண் கடாயின் மேல் இருக்கவேண்டும். ஈட்டுக்கும் ஈட்டுக்கும் நடுவில் மாவு பிசையவோ அச்சில் நிரப்பவோ நேரமாகும் என்றால் தீயைச் சிறியதாக்குங்கள். அடுப்படியை விட்டு நகர்வதாக இருந்தால், ஒரு நிமிடத்துக்குத்தான் என்றாலும் அணைத்துவிடுங்கள். சிம்மில்தானே வைத்திருக்கிறோம் என்று போகக்கூடாது. சிறு தீயிலும் ஆளில்லாத எண்ணெயின் சூடு ஏறிக்கொண்டே போகலாம், வேகம்தான் குறைவு.

எந்த எண்ணெய், எந்தச் சூடு

சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய், கடலை எண்ணெய், பாமாயில் ஆகியவை ஏறக்குறைய 220 முதல் 230 டிகிரியில் புகையத் தொடங்கும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் செக்கு நல்லெண்ணெயும், சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயும் 175 டிகிரிப் பக்கத்திலேயே புகைந்துவிடும். முறுக்கு சுடும் சூடும் அதுதான் என்பதால் இவை நெடுநேரப் பொரியலுக்கு ஏற்றவை அல்ல. தாளிக்கவும் மேலே ஊற்றவும் வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணெயும் திரும்பத் திரும்பக் காய்ந்தால் அதில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து சேரும், புகையும் சூடு இறங்கிக்கொண்டே வரும். அடியில் கருகிய மாவுத்தூள் கிடந்தால் இன்னும் மோசம். நேற்று 180 டிகிரியில் புகையாத எண்ணெய் இன்று அதே சூட்டில் கண்ணை எரிக்கும் புகை விட்டால், அதைக் கொட்டிவிடவேண்டிய நேரம் வந்துவிட்டது. புதிய எண்ணெயைச் சேர்த்து நீட்டிப்பதில் பயனில்லை. அந்தக் கார நெடி, கொழுப்பு சிதைவதால் வரும் அக்ரோலின் என்ற வாயு. சின்னச் சமையலறையில், சன்னலை அடைத்துக்கொண்டு அதைச் சுவாசிப்பது மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

பலகாரத்துக்கு ஏற்ற சூடு என்று பார்த்தால், அதிரசமும் சீடையும் 150 முதல் 160 டிகிரி. முறுக்கு, தட்டை, ஓமப்பொடிக்கு 165 முதல் 175. வடை, பஜ்ஜிக்கு 175 முதல் 180. பூரிக்கும் அப்பளத்துக்கும் 190 வரை போகலாம். 190க்கு மேல் போகவேண்டிய பலகாரம் நம் பட்டியலில் எதுவும் இல்லை. பலகாரம் கரும்பழுப்பாகச் சிவக்கும்வரை விடாமல் பொன்னிறத்தில் எடுப்பது உடம்புக்கும் நல்லது. மாவுப்பொருள் அதிகச் சூட்டில் சிவக்கும்போது உருவாகும் அக்ரிலமைடு என்ற பொருளைக் குறைக்க, உருளைக்கிழங்கு வறுவலை 175 டிகிரிக்கு மேல் போகாமல் பொரிக்கும்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறைகள் சொல்கின்றன.

இந்த எண்களைக் கண்ணால் பிடிக்க முடியாது, வெப்பமானி வேண்டும். இறைச்சிக்கென்று விற்கும் சில வகைகள் 120 டிகிரியோடு நின்றுவிடும். 300 டிகிரிவரை காட்டும், நீண்ட கம்பியுள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். கம்பியின் நுனி எண்ணெயில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மூழ்கியிருக்கவேண்டும், ஆனால் கடாயின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் காட்டுவது இரும்பின் சூட்டை. வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் கடல்மட்டத்தை ஒட்டியிருப்பதால் 100 டிகிரி காட்டவேண்டும். 96 காட்டினால் நான்கைக் கூட்டி வாசியுங்கள், பத்துக்கு மேல் விலகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி வடிவில் வரும் அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். எண்ணெயைக் கரண்டியால் ஒருமுறை கலக்கிவிட்டு, எண்ணெயின் மேலேயே குறிவைத்தால் ஓரளவு நம்பலாம். பளபளக்கும் எவர்சில்வர் சட்டியின் சுவரில் குறிவைத்தால், உள்ளதைவிடக் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

வெப்பமானி இல்லாத வீட்டில் பழைய முறையே கைகொடுக்கும். சுண்டைக்காய் அளவு மாவைப் போடுங்கள். அடியில் போய்க் கிடந்து மெதுவாக எழும்பினால் 150ஐ ஒட்டிய சூடு. போட்டதும் குமிழியோடு மேலே வந்தால் முறுக்குக்கும் வடைக்கும் சரி. வந்த கையோடு சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது, தீயை அணைத்து ஆறவிடுங்கள். தண்ணீர் தெளித்து ‘சொய்’ என்று சத்தம் வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடவேண்டும்.

சீடை ஏன் வெடிக்கிறது

சூட்டைப் பற்றிப் பேசும்போது சீடையைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும், முகத்தில் காயம்படுத்தும் பலகாரம் அது. உருட்டிய மாவின் வெளிப்பக்கம் முதலில் இறுகி ஓடாகிவிடுகிறது. உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் அதன் கனஅளவு ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஓடு உடைந்து எண்ணெயோடு சிதறுகிறது. எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் ஓடு இன்னும் சீக்கிரம் இறுகும், வெடிப்பும் கூடும். அதனால் மாவை இரண்டு முறை சலித்துக் கட்டியும் குருணையும் போக்குங்கள். உப்பையும் பெருங்காயத்தையும் கரைத்தே சேருங்கள். உளுத்தமாவை நன்றாக வறுத்துக்கொள்ளுங்கள். உருட்டும்போது வழவழவென்று இறுக்காமல் லேசாக உருட்டி, துணியில் பரப்பி உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு துளை குத்திவிடுங்கள். 150 டிகிரியில், ஒரு கைப்பிடிக்கு மேல் போடாமல், நின்று பொரியுங்கள். சிதறல் தடுப்பு வலை மூடி மலிவாகக் கிடைக்கும். சீடைக்கு அது கட்டாயம். உறைபெட்டியிலிருந்து எடுத்த சமோசாவுக்கும் இதே எச்சரிக்கை. மேலே ஒட்டிய பனித்துகளை உதறாமல் போட்டால் எண்ணெய் நுரைத்துப் பொங்கி, கடாயைத் தாண்டித் தீயின்மேல் வழியும். அதனால்தான் கடாயில் எண்ணெய் பாதி அளவைத் தாண்டக்கூடாது.

தீநாக்கு கடாயின் அடிக்குள்ளேயே அடங்கியிருக்கட்டும். ஓரமாக ஏறினால், எண்ணெய் மட்டத்துக்கு மேலுள்ள சுவர் காய்ந்து அங்கே ஒட்டிய பிசின் பற்றும். வழிந்த துளியும் அதே தீயில் விழும். அடி உருண்ட கடாயைத் தட்டையான தாங்கியில் ஆடவிடாமல், அதற்குரிய வளையத்தில் வையுங்கள். புகைபோக்கியின் வடிகட்டியில் படிந்த எண்ணெயைப் பலகார வேலைக்கு முன்பே கழுவிவிடுங்கள். கடாயில் எழும் தீ முதலில் தொடுவது அதைத்தான்.

மின்தூண்டல் அடுப்பில் சூடு தானாகவே நின்றுவிடும் என்று முழுதாக நம்பவேண்டாம். உணரி கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. சட்டியின் அடி வளைந்திருந்தால், அல்லது எண்ணெய் மிகக் குறைவாக இருந்தால், அது சூட்டைத் தாமதமாகவே அறியும். பொரிப்பதற்குக் குறைந்தது எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே காயவைப்பதும் கூடாது. 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். சிறு பியூட்டேன் குப்பி செருகும் அடுப்பில் பெரிய கடாயை வைத்தால், அது குப்பியின் அறைக்கு மேல் நீண்டு குப்பியைச் சூடாக்கி வெடிக்கவைக்கும். பலகாரம் சுட அந்த அடுப்பு வேண்டவே வேண்டாம்.

புகை வந்தால், தீ எழுந்தால்

மெல்லிய புகை தெரிந்ததும் அடுப்பை அணைத்து, கடாயை அங்கேயே ஆறவிடுங்கள். குளிர்ந்த எண்ணெயை ஊற்றிச் சூட்டைத் தணிக்கப் பார்க்காதீர்கள்.

தீயே எழுந்துவிட்டால் எட்டும் தூரத்தில் திருகு இருந்தால் எரிவாயுவை அடைத்துவிடுங்கள். தீநாக்கைத் தாண்டிக் கையை நீட்டவேண்டியிருந்தால் அதை விட்டுவிட்டு, எட்டக்கூடிய தலைமை அடைப்பானை மூடுங்கள். கடாயைவிடப் பெரிய உலோக மூடியை உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக நகர்த்தி மூடவேண்டும். மேலிருந்து தொப்பென்று போட்டால் எண்ணெய் தெறிக்கும். கண்ணாடி மூடி சூட்டில் உடையலாம். அந்த உலோக மூடியைப் பலகார வேலை தொடங்கும் முன்பே அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுவதுதான் இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றிலும் எளிய காரியம். மூடியபின் திறந்து பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் எண்ணெய் இன்னும் பற்றும் சூட்டிலேயே இருக்கும், காற்றுப் பட்டதும் மறுபடி எரியும். முழுதும் ஆறும்வரை, அரைமணி நேரத்துக்கும் மேல், தொடவேண்டாம்.

தண்ணீர் கூடவே கூடாது. எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி வீசும். எரியும் கடாயைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிக்கு ஓடுவதும் அதே அளவு ஆபத்து. உலர்தூள் தீயணைப்பான் தீயை அடக்கும், எண்ணெயைக் குளிரவைக்காது; மிக நெருங்கிப் பீய்ச்சினால் எண்ணெய் சிதறும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பயன்படுத்துங்கள். மூட முடியவில்லை, தீ அலமாரிக்கு ஏறிவிட்டது என்றால் எல்லாரையும் வெளியேற்றி, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு 995ஐ அழையுங்கள். இவை அனைத்தையும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, மூடி வைக்கும் முறையைக் குளிர்ந்த கடாயில் செய்துகாட்டுங்கள். பல வீடுகளில் அடுப்படியில் நிற்பவர் அவர்தான்.

கையில் எண்ணெய் தெறித்தால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றிவிடவேண்டும். பற்பசை, சோயா சாறு, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதென்றாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ உடனே மருத்துவமனை.

2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதற்கு முன் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பலவற்றில் நாமே வாங்கிப் பொருத்தினால்தான் உண்டு. அடுப்புக்கு நேர்மேலே பொருத்தினால் தாளிக்கும்போதெல்லாம் அலறும், கடைசியில் யாராவது மின்கலத்தைக் கழற்றிவிடுவார்கள். சமையலறைக்கு வெளியே, வரவேற்பறையில் படுக்கையறைகளுக்குப் போகும் வழியின் கூரையில் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.