எந்தக் கடலை?

என் அக்கா மகளுக்கு நான்கு வயது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. போன வருடம் ஒரு டிபன் கடையில், "சட்னியில் கடலை இருக்கிறதா?" என்று கேட்டோம். "பொட்டுக்கடலைதான்" என்றார் பரிமாறியவர். பொட்டுக்கடலை அவளை ஒன்றும் செய்யாது. சரி என்று கொடுத்துவிட்டோம். அன்றைக்குத் தேங்காயைக் குறைத்து, வறுத்த வேர்க்கடலையையும் சேர்த்து அரைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, அப்புறம் விடாத இருமல். பக்கத்திலேயே மருத்துவமனை இருந்ததால் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு மூச்சைச் சீராக்கினார்கள்.

இது அஜீரணம் இல்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறவருக்கு பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு, அவ்வளவுதான். அலர்ஜி என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. கடலையில் உள்ள புரதத்தை அது எப்போதோ எதிரி என்று தவறாக எண்ணி, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருக்கிறது. தோல், குடல், மூச்சுக்குழாய் எங்கும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு மண்டலச் செல்களின் மேல் இவை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மறுபடி உள்ளே வந்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐஜிஇ-களைச் சேர்த்துப் பிடித்ததும், செல் தன்னிடம் உள்ள ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை மொத்தமாகக் கொட்டிவிடும். ரத்தக் குழாய்கள் கசிந்து உதடு வீங்குகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. எதிர்வினையைப் பெரிதாக்குவது உடம்புதான் என்பதால், சில குழந்தைகளுக்குச் சில மில்லிகிராம் புரதமே போதும். "கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அப்படிப் பழக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் அதை மருத்துவரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

ஆகவே வீட்டில் நாம் துரத்த வேண்டியது புரதத்தை. நன்றாக வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். வறுத்த வேர்க்கடலையின் புரதம் ஐஜிஇ-யுடன் இன்னும் இறுக்கமாகவே ஒட்டுகிறது. சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. நாம் விரும்பி வாங்கும் செக்கு எண்ணெயில் புரதம் தங்கியிருக்கலாம். எலுமிச்சை சாதத்தில் கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பதும், கடலைச் சட்னிக் கரண்டியை அடுத்த சட்னியில் போடுவதும் ஆபத்து. கடலை மிட்டாய் தின்ற கையில் சானிடைசர் தடவினால் கிருமிதான் சாகும், புரதம் அங்கேயே இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அவசரத்தில் பலரும் செட்ரிசின் என்ற அலர்ஜி சிரப்பைத் தேடுகிறார்கள். அது அரிப்பைக் குறைக்கும், இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. அட்ரினலின் மட்டுமே கசியும் குழாய்களைச் சுருக்கி, மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது. தொடையின் வெளிப்புறத் தசையில் போட்டால் வேகமாக ரத்தத்தில் சேரும். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் அளவு. பேனா போன்ற தானியங்கி ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதனால் என்ன வைத்துக்கொள்வது, எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கற்றுக்கொள்ள வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்காரலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். ஊசி போட்டுத் தெளிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்பதால் மருத்துவமனையில் இருந்தே ஆக வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கடும் எக்ஸிமாவோ (தோல் அரிப்பு நோய்) முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளில், ஒரு வயதுக்கு முன்பே வேர்க்கடலை உணவைச் சாப்பிடத் தொடங்கியவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்குத்தான் ஐந்து வயதில் அந்த அலர்ஜி இருந்தது. தவிர்த்தவர்களில் 17 சதவீதம். இது வராமல் தடுக்கும் வழி. ஏற்கெனவே வந்துவிட்ட எங்கள் பாப்பாவுக்கு உதவாது.

அவள் பள்ளிப் பையில் இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. அதில் வெறுமனே "கடலை" என்று எழுதவில்லை. வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்று நான்கு பெயரையும் எழுதி, கீழே ஒரு தோலுடன் கூடிய கடலையைப் படமாக வரைந்திருக்கிறாள் அக்கா.