டிக்கி குவளை செய்பவர்களே, உட்புறத்தையும் பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், வீட்டில் செய்த குவளைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு யாராவது என் மண்பாண்டப் பட்டறைக்கு வந்துவிடுகிறார்கள். இப்போது எல்லாருக்கும் டிக்கி குவளை மேல்தான் ஆசை. முறைக்கும் கண், தடித்த உதடு, வரிசைப் பற்கள் என்று பசிபிக் தீவுகளின் மரச்சிற்பங்களைப் பார்த்துச் செய்த முகம். 1930களில் கலிஃபோர்னியாவின் மதுக்கூடங்களில் தொடங்கிய மோகம் நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறை வரை வந்துவிட்டது. வரட்டும், மண்ணில் கை வைக்கிற யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதில் ஊற்றிக் குடிக்கிறார்களே, அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சென்ற வாரம் வந்த தங்கையின் குவளைகள் காற்றில் காயும் களிமண்ணில் செய்தவை. சமையலறை ஓவனில் சுட்டு, அக்ரிலிக் பெயிண்ட் அடித்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தார். முகம் அவ்வளவு நேர்த்தி. நான் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். மூக்கை வெளியே தள்ளிய இடத்தில் உள்பக்கம் ஒரு பள்ளம் விழுமல்லவா, அங்கே வார்னிஷ் உப்பியிருந்தது. நகம் பட்டதும் பச்சைப் பெயிண்டோடு செதிலாக உரிந்து வந்தது. அதற்கடியில் மண் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. இதில் என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். “அன்னாசிச் சாறுக்கா, பிள்ளைகளுக்கு லைம் ஜூஸ். டப்பாவிலேயே நான்-டாக்சிக் என்று போட்டிருக்கே!”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஓவியக் கடையில் வாங்கும் டப்பாவில் நான்-டாக்சிக் என்று இருந்தால், சொன்னபடி பயன்படுத்தும்போது உங்களுக்குத் தீங்கில்லை என்று மட்டுமே அர்த்தம். சொன்னபடி என்றால் படம் வரைவது, பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது. அதில் புளிப்பான சாற்றை ஊற்றி அரைமணி நேரம் வைத்துக் குடிப்பதை யாரும் மனத்தில் வைத்து அந்தச் சொல்லை அச்சடிக்கவில்லை. பிள்ளையின் கையில் பட்ட பெயிண்டால் ஒன்றும் ஆகாது என்பது ஒரு விஷயம், அதே பெயிண்ட் நாள்தோறும் பானத்தில் ஊறுவது முற்றிலும் வேறு விஷயம். உணவுக்கு ஏற்றது என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையா, ஏற்றதில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியிருந்தாலும் அதோடு முடியவில்லை. பாண்டத்துக்குப் பளபளப்புப் பூச்சாக நாங்கள் பூசுவது கிளேஸ். ஜாடியில் இருக்கும்போது அது தண்ணீரில் கலந்த பொடிதான். லேபிளில் சொன்ன சூட்டுக்குப் போய் உருகிக் கண்ணாடியாக இறுகிய பிறகே அந்த உறுதி செல்லும். சூடு குறைந்தால் செல்லாது. ஒன்றின் மேல் இன்னொன்று பூசினாலும் செல்லாது, இரண்டும் உருகிக் கலந்து யாரும் சோதிக்காத மூன்றாவது கிளேஸ் ஆகிவிடுகிறது.

ஓவன் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான வீட்டு ஓவன்கள் 250 டிகிரி செல்சியஸ் அளவோடு நின்றுவிடும். களிமண் மறுபடி தண்ணீரில் கரையாத பாண்டமாக மாற 600 டிகிரியையாவது தொட வேண்டும். நாங்கள் முதல் சூட்டையே 1,000 டிகிரி வரை கொண்டுபோகிறோம், ஸ்டோன்வேர் என்ற கெட்டியான பாண்டத்துக்கு 1,200க்கு மேல். லோரோங் தாவாஸில் 1940ல் கட்டிய தவ் குவாங் டிராகன் சூளை, விறகில் எரியும் நீண்ட சூளை, இன்னும் இருக்கிறது. ஒருநாள் போய்ப் பாருங்கள், மண்ணுக்கு எத்தனை நெருப்பு தேவை என்று புரியும். அந்தத் தங்கையின் குவளைகளை என் சூளையிலும் வைக்க முடியாது, பெயிண்ட் எரிந்து புகைதான் வரும். குடிக்காமல் பேனா போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். முகம் வாடிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

முறையான சூளையில் சுடுபவர்களும் கொஞ்சம் கேளுங்கள். டிக்கி பானங்களில் பெரும்பாலானவை எலுமிச்சை, அன்னாசி என்று புளிப்பு. புளிப்பு, கிளேஸிலிருந்து உலோகத்தை இழுக்கும். அந்தக் காட்டுப் பச்சை நிறத்துக்குப் பலரும் செம்பு சேர்த்த கிளேஸைத்தான் பூசுகிறார்கள். ஈயக் கிளேஸோடு செம்பும் சேர்ந்துவிட்டால் ஈயம் இன்னும் அதிகமாகக் கசியும். இணையத்தில் பெயர் தெரியாத பொட்டலத்தில் வரும் கிளேஸ் பொடியில் ஈயம் இருக்கிறதா என்றே தெரியாது, தயவுசெய்து தொடாதீர்கள்.

பச்சை, நீலம், பழுப்பு எல்லாம் வெளியே இருக்கட்டும். உள்ளேயும் உதடு படும் விளிம்பிலும் உணவுக்கேற்ற நிறமற்ற கிளேஸ் மட்டும், அதுவும் உங்கள் மண் எந்தச் சூட்டில் முதிருமோ அதே சூட்டில் முதிர்வது. உள்ளே ஊற்றி, குவளையைச் சுழற்றிக் கவிழ்த்துவிடுங்கள். மூக்குப் பள்ளத்தில் கிளேஸ் தேங்கியிருக்கிறதா, கண்ணுக்குப் பின்னால் படாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சுட்டபின் எலுமிச்சைத் துண்டு ஒன்றை ஓர் இரவு முழுக்க உள்ளே ஒட்டி வையுங்கள். நிறம் மாறினால் அந்தக் குவளை குடிப்பதற்கில்லை. மாறாவிட்டாலும் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. விற்க நினைப்பவர்கள் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்துக் கசிவதை அளப்பார்கள்.

சுடுவதற்கு முன் காய்ந்த குவளையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஏர்கான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கவே கூடாது. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போய்த் தங்கும். ஈர ஸ்பான்ஜ் போதும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். நம்மூர் ஈரக்காற்றில், அதுவும் டிசம்பர் மழையில், தடித்த மூக்கு காய்ந்ததுபோல் தெரியும், நடுவில் காய்ந்திருக்காது. சூளையில் வெடித்து பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். மூக்கை உள்ளிருந்து குடைந்துவிடுங்கள்.

சிறிய மின்சூளை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 13 ஆம்பியர் பிளக் சுமார் 3 கிலோவாட்தான் தாங்கும். அதற்கு மேல் என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளர் தனி லைன் இழுக்க வேண்டும். நீட்டிப்பு வயரில் மாட்டவே மாட்டாதீர்கள். சுடும்போது கார்பன் மோனாக்சைடும் வரும், படுக்கையறைப் பக்கம் வேண்டாம். பட்டறைகளில் காசு கொடுத்துச் சுட்டுக்கொள்வது நிம்மதி.

எந்தக் கிளேஸ் என்றே தெரியாத குவளையில் பிள்ளைகளோ கர்ப்பிணியோ பல நாள் குடித்திருந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், ஈயம் ஆரம்பத்தில் ஓர் அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். குவளையை இன்றே அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கக் கேளுங்கள்.