மேக்னம் ரிவால்வருக்குத் தோட்டா வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சுடப் பழக வருபவர்கள், ரிவால்வர் பயிற்சியாளனான என்னிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இருப்பதிலேயே பவர் அதிகமான தோட்டா எது?" என்பதுதான். எந்த ரிவால்வரில், யார் கையால் சுடப் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. தொழிற்சாலையில் செய்த தோட்டா என்பதாலேயே அது எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்திவிடாது என்பதைத்தான் நான் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துகிறேன்.

அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர நிர்ணய அமைப்பு வகுத்திருக்கும் அழுத்த வரம்புகளைப் பார்த்தாலே இதன் தீவிரம் புரியும். 'ஸ்பெஷல்' என்பது பழைய, அழுத்தம் குறைந்த தோட்டா வகை, 'மேக்னம்' அதைவிட அழுத்தம் மிகுந்த வகை. .38 ஸ்பெஷலுக்கு அந்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. பெயரில் எண் வேறானாலும் இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றேதான். 1935-இல் .357 விற்பனைக்கு வந்தபோது, பழைய .38 ரிவால்வருக்குள் அது நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே மருந்தையும் குண்டையும் தாங்கும் அதன் உலோக உறையை ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் நீளமாக்கினார்கள். .44 ஸ்பெஷலுக்கும் .44 மேக்னத்துக்கும் இடையே 15,500, 36,000 என்று இதே போன்ற இடைவெளி உண்டு. .45 கோல்ட்டின் வரம்பு 14,000-தான். அதன் உறையை நீட்டிப் பிறந்த .454 கசுல் 65,000 வரை போகிறது. ஆகவே மேக்னம் ரிவால்வரில் அதன் ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம், ஒருக்காலும் மாற்றிச் சுடக் கூடாது. நிறைய .38 சுட்டபின், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையின் அறைகளில் கரி வளையம் படிந்துவிடும். அதைத் தூரிகையால் தேய்த்து எடுக்காமல் .357-ஐப் போட்டால் உறை முழுதாக உட்காராது, சுட்டபின் எளிதில் வெளியே வரவும் வராது.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் விலையைப் பார்ப்பதற்கு முன் கிரெயின் எண்ணைப் பாருங்கள். அது குண்டின் எடை. 158 கிரெயின் என்றால் பத்து கிராமுக்குச் சற்று மேல். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் சோதனைக் குழலில் அளந்தது என்பதால், உங்களுடைய குட்டைக் குழல் ரிவால்வரில் அது கிடைக்காது. அடுத்து, வழக்கத்தைவிட அழுத்தம் அதிகம் என்று காட்டும் 'பிளஸ் பி' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். .38 ஸ்பெஷலுக்கு அந்தக் குறியின் வரம்பைத் தர அமைப்பே 20,000 என்று நிர்ணயித்திருக்கிறது. ஆனால் .357-க்கும் .44 மேக்னத்துக்கும் அப்படி எந்த வரையறையும் கிடையாது. ஒரு .44 மேக்னம் பெட்டியில் 'பிளஸ் பி' என்று கண்டால், அது அந்த நிறுவனம் தானாகப் போட்டுக்கொண்ட குறி. எவ்வளவு அழுத்தம் என்பதை அந்த நிறுவனம்தான் சொல்ல வேண்டும். இத்தகைய தோட்டா செய்பவர்கள் எந்தெந்த ரிவால்வரில் சுடலாம், எதில் சுடக் கூடாது என்று தாங்களே பட்டியல் தருகிறார்கள். அதில் உங்கள் ரிவால்வரின் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள். மிகக் கனமான குண்டு வைத்த சில தோட்டாக்கள் சில உருளைகளுக்குள் முழுதாக அடங்குவதே இல்லை.

எடை குறைந்த குண்டு மென்மையானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் 1955-இல் கொண்டுவந்த மாடல் 19 என்ற .357 ரிவால்வரில், குழலின் பின்முனை உருளைக்கு இடம்விடுவதற்காக அடிப்பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். முழு வேகத்தில் வரும் 125 கிரெயின் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டதில், மெலிந்த அந்த இடத்திலேயே பல துப்பாக்கிகளில் விரிசல் விழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் இன்னும் தடித்த, 'எல்' என்று பெயரிட்ட துப்பாக்கிச் சட்டத்தை அந்நிறுவனம் கொண்டுவந்தது. தாத்தா காலத்து மாடல் 19 ஒன்று உங்களிடம் இருந்தால், பெரும்பாலும் .38-ஐயும் எப்போதாவது 158 கிரெயின் மேக்னத்தையும் சுடுங்கள். அந்த அழகான துப்பாக்கி இன்னொரு தலைமுறைக்கும் நிற்கும்.

மிக இலேசான உலோகத்தில் செய்த சிறிய ரிவால்வர்களில் வேறொரு சிக்கல். உதைப்பு பலமாக இருப்பதால், சுடாமல் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து மெல்ல முன்னே நகர்ந்து, உருளையைச் சுழலவிடாமல் முட்டிக்கொள்ளும். புதிய வகைப் பெட்டி வாங்கினால், உருளையை நிரப்பி ஒன்றைத் தவிர மற்றவற்றைச் சுட்டுவிட்டு, மிஞ்சியதை எடுத்துப் பெட்டியில் இருக்கும் தோட்டாவோடு நீளம் ஒப்பிட்டுப் பாருங்கள். நகர்ந்திருந்தால் அந்த வகை அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் சில இலேசான .357-களில் 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு கூடாது என்று குழலிலேயே பொறித்திருக்கிறார்கள்; அதைப் படிக்காமலே சுடுபவர்களையும் பார்க்கிறேன்.

துப்பாக்கி தாங்கினாலும் கை தாங்க வேண்டுமே. முதன்முறை சுடுபவரிடம் நிறைத்த .44-ஐயோ .500-ஐயோ கொடுத்து, அவர் தடுமாறுவதைக் கைபேசியில் படம் பிடிக்கும் வழக்கம் எனக்குக் கோபத்தையே தருகிறது. உதைப்பில் துப்பாக்கி மேலே எழும்போது அதை விட்டுவிடாமல் இருக்கக் கை தானாக இறுகுகிறது. அந்த இறுக்கத்தில் விரல் மறுபடியும் விசையை இழுத்துவிடுகிறது. இரண்டாவது குண்டு கூரையை நோக்கியோ சுடுபவரின் தலைப் பக்கமாகவோ போகிறது. நான் யாருக்கும் முதலில் ஒரே ஒரு தோட்டாவைத்தான் போட்டுக் கொடுப்பேன். சுடுபவர் பார்வையில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் உருளை இடமாகவும் கோல்ட் உருளை வலமாகவும் சுழலும் என்பதால், அடுத்து மேலே வரும் அறை எது என்று கண்டு அதில் வைக்க வேண்டும். அந்த ஒன்றை நிதானமாகச் சுட முடிந்தபிறகுதான் இரண்டு. கைத்துப்பாக்கியைப் பிடிக்கும்போது விரல் எதுவும் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கை ஒட்டி இருக்கக் கூடாது. அங்கிருந்து பக்கவாட்டில் பீறிடும் வாயு கத்தி போல் தோலைக் கிழிக்கும்.

மேக்னத்தின் ஓசை 160 டெசிபலைத் தாண்டும். கூரையுள்ள சுடுதளத்தில் காதடைப்பான், அதன்மேல் காதுமூடி என இரண்டும் அணியுங்கள். வெடியோசை வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள்; குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கக்கூடும், அடுத்த தோட்டா குழலையே பிளந்துவிடும்.

நம்மவர்கள் பலர் அறியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எச்1பி, எல்1, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்கு இல்லாமல், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதும் இதில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால், நண்பர் அழைத்தார் என்று போகாமல், வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

வாங்கிய தோட்டாக்களை அழகான டப்பாவில் கொட்டி வைக்காமல், தீரும்வரை அதே பெட்டியில் வையுங்கள். உற்பத்தியில் குறை கண்டு நிறுவனம் திரும்பப் பெறும்போது பெட்டியில் உள்ள லாட் எண்ணைத்தான், அதாவது உற்பத்தித் தொகுதி எண்ணைத்தான், அறிவிக்கும்.