மணாலிக்குக் கிளம்பும் மலைக் குடும்பங்களுக்கு

குன்னூரில் உள்ள எங்கள் பயண அலுவலகத்துக்கு வந்து வடக்கே பனி பார்க்கப் போவது பற்றிக் கேட்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தைரியத்தோடு வருகின்றன: "குளிர் நமக்குப் பழக்கம்தானே, கீழே இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம்." கூடவே இன்னொரு நம்பிக்கையும் இருக்கும்: அரையாண்டு விடுமுறையில் போனால் பனி நிச்சயம். செலவை ஏற்றுவது இரண்டாவது நம்பிக்கை. உயிருக்கே உலை வைக்கக்கூடியது முதலாவது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணாலி நகரம் ஏறக்குறைய 2,050 மீட்டர்தான். காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்கின் உயரம் நம் தொட்டபெட்டா உச்சியின் 2,637 மீட்டரை ஒட்டியே வரும். உயரத்தில் நாம் எதிலும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறோம், மணாலி 32 டிகிரியில் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தாலும், பத்து மணி வெயிலில் கரைந்துவிடுகிறது. மதியம் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறோம். ஜனவரி மணாலியில் அந்த மதிய வெயிலை நம்பிப் போக முடியாது. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம். பனியில் விளையாடிய பிள்ளையின் காலுறை நனைந்தால், மாற்றும்வரை அது காயாது.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். மத்திய தரைக்கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று இமயமலையில் மோதும்போதுதான் அங்கே பனி பொழிகிறது. அது நம் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. டிசம்பர் கடைசியில் மணாலி நகரம் வெறும் பாறையும் புழுதியுமாக நின்ற வருடங்கள் உண்டு. ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விடுதி வாடகையும் டாக்ஸி வாடகையும் உச்சத்தில் இருக்கும். இல்லாத பனிக்கு இரட்டைக் கூலி கொடுக்க வேண்டாம் என்றுதான் வருகிறவர்களிடம் மன்றாடிச் சொல்கிறேன்.

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி வரைதான் பனிக்கு வாய்ப்பு அதிகம். அப்போது விலையும் இறங்கியிருக்கும். நம் மாவட்டத்தில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், காட்டேஜ் நடத்துகிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள் ஏப்ரல், மே சீசனிலும் புத்தாண்டுக் கூட்டத்திலும் எப்படியும் நகர முடியாது. படுகர் குடும்பங்களுக்கு ஹெத்தையம்மன் பண்டிகையும் அதையொட்டியே வருகிறது. பொங்கலுக்குப் பிறகுதான் இவர்களுக்கெல்லாம் மூச்சு விட நேரம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இல்லையென்றால், பொங்கல் விடுமுறையோடு நான்கைந்து நாள் பள்ளி விடுப்பு சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. மணாலி நகரில் பனி இல்லாவிட்டாலும் சோலங் பள்ளத்தாக்கிலோ, 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி லாஹௌல் பக்கமோ கிடைக்கக்கூடும். அங்கேயும் சில ஊர்கள் ஜனவரிக் கடைசியில் தங்கள் தெய்வ வழிபாட்டுக்காகச் சுற்றுலாவை நிறுத்தி வைப்பது உண்டு. ஹெத்தைப் பண்டிகையைத் தெரிந்த நமக்கு அதன் நியாயம் புரியும். முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

ரயிலில் போவதுதான் மலிவு. கேரளா எக்ஸ்பிரஸ் தினமும் கோவை வழியாகப் போகிறது, டெல்லிக்கு இரண்டு இரவுப் பயணம். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கல் நேரத்து டிக்கெட்டுக்கு முதல் நாள் காலை 8 மணிக்கே உட்கார வேண்டும். 5 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட் உண்டு. ஆனால் இரண்டு இரவு ஒரே படுக்கையில் தாயும் பிள்ளையும் நெருக்கிப் படுப்பது மிச்சமாகாது. ஜான்சி தாண்டியதும் ஸ்லீப்பர் பெட்டியின் ஜன்னல் இடுக்கு வழியே வரும் காற்று எலும்பைத் தொடும். மூன்றடுக்கு ஏசியில் கம்பளி தருகிறார்கள். நான் மிச்சப்படுத்தச் சொல்லாத இடங்களில் இது ஒன்று. இன்னொன்று, டெல்லியில் ஒரு நாள் இடைவெளி. ஜனவரி மூடுபனியில் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். வந்து இறங்கிய மாலையே மணாலி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டால் அந்தப் பணம் போனதுதான்.

வயதானவர்களோடு போகிறவர்கள், டெல்லியிலிருந்து சுமார் 530 கிலோமீட்டர் இரவு பஸ்ஸில் போவதற்குப் பதில் கால்கா-சிம்லா மலை ரயிலை யோசிக்கலாம். யுனெஸ்கோ பட்டியலில் நம் நீலகிரி மலை ரயில் 2005இல் சேர்ந்தது, அது 2008இல் சேர்ந்தது. சிம்லாவில் பனி கிடைப்பது மணாலிப் பக்கத்தைவிட அரிது. அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

பேக்கேஜ் என்று வாட்ஸாப்பில் வரும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தத் தொகை பெரும்பாலும் ஒரு அறைக்கு இரண்டு பெரியவர்கள் என்ற கணக்கு. பிள்ளைக்கு மெத்தை தனி, ஹீட்டர் தனி. பனி விழுந்தால் சாதாரண கார்களைப் போலீஸ் சோலங்குக்கு மேலே விடுவதில்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுக்க வேண்டும், அதுவும் தனி. கோத்தகிரிக் குடும்பம் ஒன்று இப்படி வாங்கிய பேக்கேஜில், மூன்று நாளும் கையிலிருந்து கொடுத்தது பேக்கேஜ் விலையையே நெருங்கிவிட்டது. எது சேராது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். காஷ்மீர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, ஒரு போஸ்ட்பெய்டு எண் கையில் இருக்கட்டும்.

உடைக்குச் செலவு குறைவு. திருப்பூர் தெர்மல் உள்ளாடை, வீட்டிலிருக்கும் கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் அங்கேயே வாடகைக்கு எடுக்கும் நீர் புகாத கோட்டும் பூட்ஸும் போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. காலுறை மட்டும் ஆளுக்கு இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அறையைச் சூடாக்கும் விஷயம். மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கி, காலையில் எழாமலே போனவர்களைப் பற்றிய செய்திகளை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் படித்திருக்கிறோம். அங்கே மலிவு விடுதிகளில் 'அங்கீட்டி' என்று கரிக் கணப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். கணப்புக்குப் பழகிய நமக்கு அதில் பயமே வராது, அதுதான் ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதிதான் முதல் அறிகுறிகள். வளைவுப் பாதையில் பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், கதவைத் திறந்து எல்லோரையும் உடனே வெளியே கூட்டி வாருங்கள், அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் வைத்த கேஸ் கீசரும் இதே வேலையைச் செய்யும். முன்பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்குப் போன் போட்டு, அறையில் இருப்பது மின்சார ஹீட்டரா கரியா, குளியலறையில் கீசர் மின்சாரமா கேஸா என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லாத விடுதி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எங்கள் அலுவலகத்திலிருந்து அங்கே யாரையும் அனுப்புவதில்லை.