கட்டிப்போட்ட நாய் காவல் காக்காது

மழைக்காலம் வந்தாலே கால்நடை மருத்துவர்களான எங்களுக்கு இந்தக் கேஸ் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். போன வாரமும் ஒன்று. நாய் அறைக்குள் வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. "ரெண்டு நாளாத்தான் சார், சோறு எடுக்க மாட்டேங்குது" என்றார் கூட்டி வந்தவர். (யார் வந்தாலும் ரெண்டு நாள்தான்.) மயக்க ஊசி போட்டு, கழுத்து முடியை மழித்துப் பார்த்தால், காதுக்குக் கீழே ஒரு விரற்கடை அளவுக்கு நீல நைலான் கயிறு தெரிகிறது. மீதி முழுக்கச் சதைக்குள். கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு, அவிழாமல் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் புழு.

குட்டியில் கட்டிய கயிறு. குட்டி வளர்ந்தது, கயிறு வளரவில்லை. இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

கயிற்றை மறந்ததைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். ஏன் ராப்பகலாகக் கட்டியே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் ஒரு பதில் வரும், அதைத்தான் தாங்க முடிவதில்லை. "அவுத்து விட்டா ரோஷம் போயிடும் சார். கட்டிப்போட்டாத்தான் காவலுக்கு ஆகும்." தோப்பில் பம்புசெட்டு வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார், கும்பகோணத்தில் மாடி வீடு கட்டியவரும் இதைத்தான் சொல்கிறார்.

காவல் என்றால் என்ன? தன் எல்லையைச் சுற்றி வந்து, மோந்து, நேற்று இல்லாத வாடை இன்று இருந்தால் கண்டுபிடிப்பது. ஆறடிக் கயிற்றில் கிடக்கும் நாய்க்கு ஆறடிதான் எல்லை. கொல்லைப்பக்கம் யார் ஏறிக் குதித்தாலும் அதனால் செய்ய முடிவது குரைப்பது ஒன்றுதான். அதுவோ பால்காரருக்கும் குரைக்கிறது, எதிர்வீட்டுப் பூனைக்கும் குரைக்கிறது, காற்றில் ஆடும் தென்னை மட்டைக்கும் குரைக்கிறது. நாலாம் நாளிலிருந்து வீட்டில் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. திருட வருகிறவன் முதலில் பார்ப்பதே கயிற்றின் நீளத்தைத்தான்.

ரோஷம் என்று நீங்கள் சொல்வது பயம். பயந்த நாய் முதலில் விலகிப் போகத்தான் பார்க்கும். அந்த வழியைக் கயிறு அடைத்துவிட்டால் மிச்சமிருப்பது பல் மட்டும்தான். கடைசியில் கடிபடுவது திருடன் இல்லை. தட்டில் சோறு வைக்கப் போன உங்கள் வீட்டுப் பிள்ளை.

கட்டியே வைக்கக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு: மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியிலோ கயிற்றிலோ நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை உரிமையாளர் நடமாட விடாததும் தனியாக ஒரு குற்றம். முதல்முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. டீக்கடையில் ஒருவேளை சிற்றுண்டிக் காசு. யார் பயப்படப் போகிறார்கள்?

புண் ஆறிய பிறகு, "நம்மால முடியலை டாக்டர், ஏதாவது காப்பகத்துல சேத்து விடுங்க" என்று வருகிறவர்களும் உண்டு. நகராட்சியின் கருத்தடை மையம் காப்பகம் இல்லை. தெருநாயைப் பிடித்து, அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடுவதற்காக இருப்பது அது. வீட்டு நாய்க்கு அங்கே இடமில்லை. தனியார் காப்பகங்களில் பெரும்பாலும் இருக்கிற நாய்களுக்கே இடம் போதாது. ஒரே தோப்பில் பழகிய நாயை முகம் தெரியாத நாய்க் கூட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டால், அது சாப்பாட்டுத் தட்டுப் பக்கமே போகாமல் மூலையில் கிடக்கும். பார்த்திருக்கிறேன்.

அதனால், செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நைலான் கயிறு வேண்டாம், அகலமான பட்டை வாங்குங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். வளர்கிற குட்டிக்கு வாரம் ஒருமுறை பாருங்கள், கண்ணால் இல்லை, விரலால். முடி எல்லாவற்றையும் மறைத்துவிடும். வேலி இருந்தால் ராத்திரியில் அவிழ்த்து விடுங்கள். வேலி இல்லையென்றால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி கட்டி, அதில் வளையம் மாட்டி, நாயை அந்த வளையத்தோடு பிணைத்து ஓடவிடுங்கள். காலையும் மாலையும் வரப்பு வழியே ஒரு நடை. கருத்தடை செய்தால் காவல் போய்விடும் என்பதும் கதைதான், தைரியமாகச் செய்யலாம்.

புழு வைத்துவிட்டதா? பினாயில், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். நாய் நக்கும், விஷம் உள்ளே போகும். பதிந்த கயிற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது, கழுத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அப்படியே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள். நிலைமை மோசமென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள்.

அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கட்டின இடத்திலேயே ஆடுமாடுகள் செத்துக் கிடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாய்க்கும் அதே கதிதான். புயல் எச்சரிக்கை வந்து நீங்கள் முகாமுக்குக் கிளம்பினால், கூட்டிப்போக முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிட்டுப் போங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நீந்தவும் மேடேறவும் அதற்குத் தெரியும், முடிச்சு அவிழ்க்கத்தான் தெரியாது.